பால்வாடி ஆய்வுக்குழு

சின்னவனுக்கு இரண்டு வயது நிறைந்ததும், அவனை எந்தப் பால்வாடியில் விடுவதென்று முடிவெடுக்க வீட்டில் ஆய்வுக்குழு அமைந்தது. தலைவர் என் மாமியார், உறுப்பினர் என் மனைவி, குறிப்பெடுக்கிற ஆள் நான். நடக்கிற தூரத்தில் மூன்று பால்வாடிகள்.

நோட்டில் கோடு கிழித்து அட்டவணை போட்டேன். சாப்பாடு: மூன்றிலும் கலவை சாதம். முட்டை: மூன்றிலும் வாரத்துக்கு 3. பாட்டு, எடை பார்க்கும் தராசு, மத்தியானத் தூக்கம்: அதே, அதே, அதே. 1975 அக்டோபர் 2-இல் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தைத் தொடங்கிய டெல்லிக்காரர்களும், 1982-இல் சத்துணவுத் திட்டம் கொண்டுவந்த எம்.ஜி.ஆரும், எவனும் ஒப்பிட்டுப் பேசிவிடக் கூடாதென்றே ஏற்பாடு செய்திருப்பார்கள் போலிருக்கிறது.

ஆனால் மாமியார் விடுவாரா? முதல் பால்வாடி சொந்தக் கட்டடம். சுவரில் வரைந்த சிங்கம், கடன் கேட்டுப் போனவரைப் பார்க்கும் பேங்க் மேனேஜர் மாதிரி முறைத்தது. சின்னவன் வாசலிலேயே அழுதான். இரண்டாவது வாடகை வீடு. பிள்ளைகள் "நிலா நிலா" பாட, வீட்டுக்காரம்மா டிவியில் மாமியார் மருமகளைத் திட்டிக்கொண்டிருந்தார். எங்கள் தலைவர் ஆய்வை மறந்து அரைமணி நேரம் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். மூன்றாவது நடுநிலைப்பள்ளி வளாகத்தில், 2019-இல் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வந்த வகை. "எட்டாங்கிளாஸ் தடிப்பயலுவ இடிச்சுத் தள்ளிட்டுப் போயிருவானுங்க" என்று மாமியார் நிராகரித்தார்.

"பால்வாடியா? ஏன் சார், கஷ்டமா?" என்று எதிர்வீட்டுக்காரர் துக்கம் விசாரித்தார். அவர் பேரனைத் தனியார் பள்ளியில் சேர்த்து, பணத்தையும் கட்டி, காலையில் எழுந்து சோற்றையும் கட்டிக்கொடுப்பவர்.

அறிக்கை தயாராகுமுன் வாடகை வீட்டுப் பால்வாடி டீச்சர் ரெஜிஸ்டரோடு வந்துவிட்டார். "இதுல என்ன சார் யோசனை? 400 பேருல இருந்து 800 பேருக்கு ஒரு சென்டரு. உங்க தெரு என் கணக்கு. வீட்டம்மா மாசமா இருந்தப்பவே பேரு எழுதியாச்சு."

நாங்கள் பால்வாடிகளை அலசிய நாளெல்லாம் அவர் எங்கள் தெருவை வீடு வீடாக அலசி முடித்திருந்தார். யார் வீட்டில் தடுப்பூசி பாக்கி, எந்தப் பிள்ளை இளைத்திருக்கிறது, எல்லாம் விரல்நுனியில்.

சின்னவனின் வளர்ச்சி அட்டையைப் பிரித்துக் காட்டினார். "பையன் பச்சையிலதான் இருக்கான் சார். ஆனா நான் குடுத்தனுப்புன சத்துமாவு பூரா அவனுக்கே போயிருந்தா, இன்னும் ஒரு கிலோ ஏறியிருக்கணுமே?"

கேள்வி என் மனைவியிடம். பார்வை என் தொப்பைமேல்.