ஐந்தை எந்தப் பக்கம் வைப்பது?

அசெம்பிளி பாஷையைக் கற்றே தீருவது என்று நம்மில் ஒருவர் சங்கற்பம் செய்துகொண்டால், அந்த க்ஷணத்திலிருந்து அவர் சாதனங்களைச் சேகரிக்க ஆரம்பித்துவிடுவார் என்பது வாசகர்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. சென்ற சனிக்கிழமை நானும் அவ்விதமே சேகரித்து, ஒரு பாடத்தில் கண்ட நிரலை இன்னொரு பாடம் சிபாரிசு செய்த அசெம்ப்ளரிடம் சமர்ப்பிக்க, அது முதல் வரியிலேயே பிழை கண்டு திருப்பியனுப்பிவிட்டது. கோபம் இன்னும் அடங்கவில்லை.

அந்த வரியில் ஈஏஎக்ஸ் என்னும் ரிஜிஸ்டரில் ஐந்து என்ற எண்ணை வைக்கவேண்டும், காரியம் அவ்வளவே. இன்டெல் சம்பிரதாயத்தார் ரிஜிஸ்டரை முன்னும் ஐந்தைப் பின்னும் எழுதுகிறார்கள். ஏடி அண்ட் டி சம்பிரதாயத்தாரோ, ஐந்துக்கு ஒரு டாலர் குறியும் ரிஜிஸ்டருக்கு ஒரு சதவீதக் குறியும் சாத்தி, ஐந்தை முன்னே எழுந்தருளப் பண்ணுகிறார்கள். கோயில் யானைக்கு வடகலை நாமமா தென்கலை நாமமா என்று கோர்ட்டு வரை போன பரம்பரைக்கு இவ்வழக்கின் ரசம் நன்றாகவே புரியும். நாமம் எதுவாயினும் யானைக்குக் கவளம் ஒன்றே. இங்கும் எப்படி எழுதினாலும் இறுதியில் பிறப்பவை பி8, 05, அப்புறம் மூன்று பூஜ்யங்கள் என்ற அதே 5 பைட்டுகள்தாம். எழுதியவர் எக்கலையார் என்று பிராசஸர் விசாரிப்பதே இல்லை. ஆயினும் ஏடி அண்ட் டி முறையில், ஒப்பிடும் கட்டளையிலே ஐந்தை முன்னும் ஈஏஎக்ஸைப் பின்னும் எழுதி, அடுத்த வரியில் ‘பெரிதானால் தாவு’ என்றால், ஐந்தைவிட ஈஏஎக்ஸ் பெரிதானால் தாவு என்று தலைகீழாக அர்த்தம் செய்துகொள்ளவேண்டுமாம்! இன்டெல் சம்பிரதாயத்துக்குள்ளேயே உட்பிரிவும் உண்டு: மாறியின் பெயரை வெறுமனே எழுதினால் மாஸ்ம் என்னும் அசெம்ப்ளர் அதன் உள்ளடக்கத்தைத் தரும், நாஸ்ம் என்னும் அசெம்ப்ளர் முகவரியைத் தரும். உள்ளடக்கம் வேண்டுவோர் நாஸ்மிடம் சதுர அடைப்புக்குறி போட்டு விண்ணப்பிக்கவேண்டும்.

மற்ற உபத்திரவங்களைச் சுருக்கமாகவே சொல்கிறேன். டாஸ் காலத்து நூல்களின் பயிற்சிகளை 64 பிட் விண்டோஸ் தொடவும் மாட்டாது. டாஸ்பாக்ஸைத் தேடிப் போகவேண்டும். லினக்ஸிலோ, 32 பிட் பாடத்தில் 1 என்ற இயங்குதள அழைப்பு எண் நிரலை முடித்துவைக்கும். 64 பிட் பாடத்தில் அதே 1 எழுத்தை அச்சிடும். இன்டெல் இலவசமாக அருளும் கையேடு நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்கள் கொண்டது. அதைப் படித்தவர்கள் பாக்கியவான்கள்.

எந்தச் சாதனம் உத்தமம் என்று சொல்லவே இதைத் தொடங்கினேன். ஐந்து வந்து இடத்தை அடைத்துக்கொண்டது. ஆகவே பாடம் எழுதும் மகானுபாவர்களே, அசெம்ப்ளர் எது, எந்த இயங்குதளம், எத்தனை பிட் என்ற மூன்றையும் தயைகூர்ந்து முதல் பக்கத்திலேயே போட்டுத் தொலையுங்கள்.