பெரியப்பாவின் பெருக்கல்

லண்டனில் முதல் வேலை கிடைத்த செய்தி ஊருக்கு வந்ததும் பெரியப்பா செய்கிற முதல் காரியம், பவுண்டை நூற்றுச் சொச்சத்தால் பெருக்குவது. பையன் வாய் திறப்பதற்குள் லட்சாதிபதி ஆகிவிடுவான். ஜாதகம் கேட்டு நாலு பேர் வந்துவிடுவார்கள். பெரியப்பாவுக்குக் கழித்தல்தான் வராது.

கழித்தலோ விசாவிலேயே தொடங்கிவிடுகிறது. மருத்துவக் கூடுதல் கட்டணம் ஆண்டுக்கு 1,035 பவுண்ட். விசா எத்தனை ஆண்டோ அத்தனைக்கும் மொத்தமாக முன்கூட்டியே எண்ணி வைக்க வேண்டும். வேலையில் சேர்ந்தபின் சம்பளத்தில் வருமான வரி போக, தேசியக் காப்பீடு என்று இன்னொரு பிடித்தம். அதிலும் ஒரு பங்கு மருத்துவத்துக்கே. ஆக, ஒரு தும்மல் போடுமுன் இரண்டு தடவை பணம் கட்டியாகிவிட்டது. டாக்டரைப் பார்க்கத்தான் காத்திருக்க வேண்டும்.

பிறகு ஈஸ்ட்ஹாமில் ஒரு வீடு, அதில் ஓர் அறை, அதில் பாதி. ஹீட்டரைப் போடலாமா வேண்டாமா என்று ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டு வீடே கூடி விவாதிக்கும். வாடகை, ரயில் கட்டணம், கவுன்சில் வரி, கல்விக் கடன் தவணை எல்லாம் போக மிஞ்சுவதைப் பெரியப்பா தாராளமாகப் பெருக்கிக்கொள்ளட்டும்.

கிளம்புகிற தம்பி தங்கைகளே, அறை வாடகையை முதலில் விசாரியுங்கள். சம்பளத்தை வீட்டில் அப்புறம் சொல்லலாம்.