லயத்துக்குக் கால நீட்டிப்பு

அரசாங்கம் அமைக்கும் ஆணைக்குழுவுக்கு ஆயுள் குறைவு. மூன்று மாதம், ஆறு மாதம் என்று வர்த்தமானி போட்டு நீட்ட வேண்டும். பதுளைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்கு அந்தத் தொல்லையே இல்லை. துரைமார் காலத்துச் சுவரின் மேல் புதுத் தகரம் ஒன்றைப் போட்டால் நீட்டிப்பு முடிந்தது.

மேற்பார்வையே இல்லை என்று பழி சொல்லக் கூடாது. கொஸ்லந்தை மீரியபெத்தைச் சரிவு ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005-இலேயே எச்சரித்தது. 2011-இல் மறுபடியும் எச்சரித்தது. கோப்புகள் பத்திரமாக இருந்தன. லயங்கள்தான் 2014 அக்டோபர் 29 காலை மண்சரிவில் மண்ணோடு போயின. எச்சரிக்கை யார் கைக்கு வந்து, யார் கையில் நின்றது என்ற விசாரிப்பு அதன் பிறகு சுறுசுறுப்பாகத் தொடங்கியது!

தப்பியவர்களுக்குப் பூனாகலையில் 75 வீடுகள் கிடைக்க இரண்டு வருடமானது. அதுவரை பழைய தேயிலைத் தொழிற்சாலை.

2023 மார்ச்சில் அதே பூனாகலைப் பக்கம் கபரகலையிலும் மண் சரிந்தது.

மீரியபெத்தை மண்சரிவுக்கு ஒரு மாதம் முன்னர் தேர்தலில் பிறந்தது, பதுளை அடங்கும் ஊவா மாகாண சபை. அதுவும் 2019-இல் காலம் முடிந்து கலைந்தது. அடுத்த தேர்தலுக்கு நாள் குறிக்காமல் ஆளுநரிடம் மாகாணத்தை ஒப்படைத்தார்கள். அதற்கு மட்டும் நீட்டிப்பு வர்த்தமானி எதுவும் தேவைப்படவில்லை.