அடங்காப்பிடாரி என்று யார் சொன்னது?

கேள்வி: என் 13 வயது மகள் எதற்கெடுத்தாலும் எதிர்த்துப் பேசுகிறாள். இப்போது பிரெஞ்சுப் படம் வேறு பார்க்கிறாள். கெட்டுப்போய்விட மாட்டாளா?
– ஒரு தாயார், கிள்ளான்

பதில்: எந்தப் படம் என்று முதலில் கேளுங்கள் அம்மா. குளோத் மில்லரின் ‘லெஃப்ரோந்தே’ (1985) என்றால் நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள். அதன் நாயகி சார்லோட்டுக்கும் 13 வயதுதான். தாய் இல்லாத பெண். கோடைப் புழுக்கம், எல்லார் மீதும் எரிச்சல். ஊருக்கு வரும் பியானோ மேதைச் சிறுமியைப் பார்த்ததும், அவளோடு போய்விடலாம் என்று கனவு காண்கிறாள். சார்லோட் வெடுக்கென்று பேசுகிற ஒவ்வொரு முறையும் ‘என்னைக் கொஞ்சம் கவனியுங்களேன்’ என்றுதான் எனக்குக் கேட்கிறது. உங்கள் மகளும் அதைத்தான் சொல்கிறாளா என்று பாருங்கள். வயதுவந்த ஒருவன் சார்லோட்டிடம் அத்துமீற முயலும் காட்சியும் உண்டு. அதைப் பற்றி மகளிடம் பேசவாவது நீங்கள் உடனிருக்க வேண்டும்.

கேள்வி: அப்படியானால் மொரீஸ் பியாலாவின் ‘ஆ நோஸ் அமூர்’?
– இடைநிலைப்பள்ளி மாணவி, ஷா ஆலம்

பதில்: 18 வயதுக்குப் பிறகு, தங்கச்சி. 1983இல் வந்த படம். அப்பாவாக நடித்தவர் பியாலாவேதான். மகளின் கன்னக்குழிகளில் ஒன்று காணாமல் போனதை அந்த அப்பா கவனிக்கும் காட்சிக்காகக் காத்திருக்கலாம்.

கேள்வி: பாரிஸ் பெண்களுக்குப் படம் எடுக்க ஆள் இருக்கிறது. நம் பெண்களுக்கு யார் இருக்கிறார்கள்?
– பூக்கடைக்காரர், பிரிக்பீல்ட்ஸ்

பதில்: உங்கள் தெருவுக்கே வந்து எடுத்தவர் இருக்கிறார் ஐயா! தீபக் குமாரன் மேனனின் ‘சலங்கை’ (2007) பிரிக்பீல்ட்ஸில் நடக்கும் கதை. அம்மா பூ விற்கிறார். சிறுமி உமாவுக்கு நடனம் கற்க ஆசை. வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் கணக்குப் பார்க்கிற வீட்டில், காசு தராத ஒன்றின் மீது ஒரு பெண் ஆசைப்படுவதே பெரிய எதிர்ப்புத்தான்.

அதற்கு முன் அவர் எடுத்த ‘செம்மண் சாலை’யை (2005) நான் இன்னும் உயர்வாக மதிக்கிறேன். 1960களின் ரப்பர் தோட்டம். பால்மரம் வெட்டும் குடும்பத்தில் பிறந்த சாந்தா பல்கலைக்கழகம் போக நினைக்கிறாள். கதவை அறைந்து சாத்தவில்லை, சிகரெட் பிடிக்கவில்லை. படிக்க வேண்டும் என்கிறாள், அவ்வளவுதான். தோட்டத்து லயத்தில் அதைவிடத் துணிச்சலான சொல் எது? இன்று கிள்ளானிலும் பூச்சோங்கிலும் அடுக்குமாடியில் குடியிருக்கும் பாட்டிமார் பலர், சாந்தாவின் வயதில் பள்ளியை விட்டு நின்றவர்கள். பிரான்ஸின் நாந்த் நகரில் நடக்கும் மூன்று கண்டங்கள் திரைப்பட விழாவில் இந்தப் படம் பரிசு பெற்றது. பிரெஞ்சுக்காரர்கள் கைதட்டிய நம் பெண்ணை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்?

கேள்வி: ‘டைகர் ஸ்ட்ரைப்ஸ்’ படத்தை ஏன் வெட்டினார்கள்?
– வாசகர், செந்தூல்

பதில்: பருவமடையும் 12 வயதுச் சிறுமி புலியாக மாறுகிற கதை. இயக்குநர் அமண்டா நெல் யூ, 2023இல் கான் விழாவின் விமர்சகர் வாரப் பிரிவில் முதல் பரிசு வாங்கினார். அதே ஆண்டு இங்கே மலேசியாவில் தணிக்கைக்குப் பின் திரைக்கு வந்ததைத் தன் படம் என்று ஏற்க மறுத்துவிட்டார். அவர் பக்கம்தான் நான். பிள்ளைக்கு மாதவிடாய் வருகிறது என்பதைத் திரையில் பார்க்கக் கூசுகிற நாம், அவள் அந்த நாளில் யாரிடம் போய்க் கேட்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம்?

கேள்வி: தமிழ்நாட்டில் ‘பேட் கேர்ள்’ படத்தை எதிர்த்தார்களே, நியாயமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், காப்பார்

பதில்: நியாயமில்லை. 2025 ஜனவரியில் டீசர் வந்ததுமே கூச்சல் எழுந்தது. படம் திரைக்கு வந்தது செப்டம்பரில். வர்ஷா பரத்தின் அந்தப் படம் இடையில் ராட்டர்டாம் விழாவில் நெட்பேக் விருதும் வாங்கியிருந்தது. பார்த்துவிட்டுத் திட்டுங்கள், சார். அந்த உரிமை எல்லாருக்கும் உண்டு.

கேள்வி: பையன்கள் குறும்பு செய்தால் சிரிக்கிறார்கள், நான் செய்தால் ‘திமிர்’ என்கிறார்கள். ஏன்?
– படிவம் நான்கு மாணவி, கிள்ளான்

பதில்: பழக்கதோஷம், கண்ணு. சஞ்சய் குமார் பெருமாளின் ‘ஜகாட்’டில் (2015) 12 வயது அப்போயின் சேட்டையை நாமெல்லாம் ரசித்தோம், 2016இல் மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த படமாகவும் அது தேர்வானது. நன்றாக எடுத்த படம், தகுதியான பரிசு. அப்போய்க்கு ஓர் அக்கா இருந்திருந்தால் அவள் கதை என்ன? அதை எடுக்க ஆண்களுக்குக் காத்திராதே. கைப்பேசி இருக்கிறது, கிள்ளான் இருக்கிறது, உனக்குக் கோபமும் இருக்கிறது. எழுதத் தொடங்கு. பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் இருக்கும் பெரியவர்களே, அடுத்த பள்ளி விடுமுறையில் ‘செம்மண் சாலை’யை ஒருமுறை திரையிட ஏற்பாடு செய்யுங்கள், முன்வரிசையை மகள்களுக்கு ஒதுக்குங்கள்.