பச்சை ஒயரின் மகிமை

வீட்டில் செய்த சி.என்.சி. ரூட்டருக்கு வரும் நோய்களில் மிகப் பரவலானது, யாரும் தொடாமலே நின்றுவிடுவது. தேக்குப் பலகையில் பூஜை அறைக் கதவுக்கான கொடிவேலை முக்கால்வாசி முடிந்திருக்கும். ஸ்பிண்டில் மேசையின் நட்டநடுவில் இருக்கும். எந்த லிமிட் சுவிட்சும் கைக்கெட்டும் தூரத்தில்கூட இருக்காது. அந்த நேரம் பார்த்துத் திரையில் ‘அலாரம் 1’ என்று வரும். ஜி.ஆர்.பி.எல். என்ற இலவச மென்பொருளைப் பொறுத்தவரை, மெஷின் தன் எல்லையைப் போய் முட்டிவிட்டது. முட்டவில்லை என்பதைக் கண்ணால் பார்க்கலாம். ஆனால் மென்பொருளுக்குக் கண் கிடையாது, ஒயர் மட்டும்தான். உரிமையாளர் முதலில் மென்பொருளைச் சந்தேகிப்பார், அப்புறம் போர்டை, அப்புறம் போர்டை விற்றவரை. புதுப் போர்டு வரும், அதே அலாரமும் கூடவே வரும். எர்த் ஒயரின் மேல் சந்தேகம் திரும்புவதற்குள் மெஷினில் மாற்றக்கூடியதெல்லாம் மாறியிருக்கும்.

குற்றவாளி பெரும்பாலும் ஸ்பிண்டிலை ஓட்டும் வி.எஃப்.டி. பெட்டிதான். 24,000 சுற்று ஓடும் ஸ்பிண்டிலுக்கு 400 ஹெர்ட்ஸ் மின்சாரம் வேண்டும். வீட்டில் வருவதோ 50. ஆகவே அந்தப் பெட்டி 230 வோல்ட்டை முதலில் சுமார் 325 வோல்ட் டி.சி.யாக்கி, பிறகு அதை நொடிக்குப் பல ஆயிரம் தடவை துண்டுதுண்டாக நறுக்கி மோட்டாருக்கு அனுப்புகிறது. ஒவ்வொரு நறுக்கலிலும் வோல்டேஜ் மைக்ரோ நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் ஏறும், அதே வேகத்தில் இறங்கும். மோட்டார் இதைப் பொருட்படுத்துவதில்லை. பக்கத்தில் போகும் ஒயர்கள்தான் பாடுபடுகின்றன.

தொடாமலே தொல்லை கொடுப்பதற்குக் கணக்கு உண்டு. ஸ்பிண்டில் கேபிளும் லிமிட் சுவிட்ச் ஒயரும் ஒரே டிராக் செயினில் ஒரு மீட்டர் ஒட்டிக்கொண்டு ஓடினால், இரண்டுக்கும் நடுவே சுமார் 50 பிக்கோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று தானாக உருவாகிவிடும். 325 வோல்ட் 0.1 மைக்ரோ நொடியில் ஏறும்போது அதன் வழியே கணநேரம் 0.16 ஆம்பியர் பாயும். ஜி.ஆர்.பி.எல். ஓடும் ஆர்டுயினோ ஊனோ போர்டின் சிப் தன் உள்ளே இருக்கும் 20 முதல் 50 கிலோ ஓம் மின்தடையின் மூலம் லிமிட் சுவிட்சுக்குக் கொடுப்பது கால் மில்லி ஆம்பியருக்கும் குறைவு. வீட்டுக்காரரைவிட விருந்தாளி ஏறக்குறைய ஆயிரம் மடங்கு பலசாலி. சுவிட்ச் அமுங்கிவிட்டதாகச் சிப் நம்புவதில் அதன் தவறு ஒன்றும் இல்லை.

இதற்கு அவசர வைத்தியமாகப் பலரும் செய்வது, ஜி.ஆர்.பி.எல்.லின் 21-ஆம் அமைப்பை 0 ஆக்கி எல்லைக் காவலையே நிறுத்திவிடுவது. அதன் பிறகு பொய் அலாரம் வராது. நிஜமாகவே முட்டும்போதும் வராது. சரியான வைத்தியம் இதைவிடக் கொஞ்சம்தான் நீளம். சாதாரண நேரத்தில் மூடியிருந்து, அமுங்கினால் திறக்கும் வகைச் சுவிட்சைப் போட வேண்டும். ஒயர் எப்போதும் கிரவுண்டோடு இணைந்திருப்பதால் வந்த நாய்ஸ், அதாவது தொல்லை மின்சாரம், அங்கேயே அடங்கும். ஒயர் அறுந்தாலும் மெஷின் உடனே நின்று தெரிவிக்கும். வெளியே 1 கிலோ ஓம் மின்தடையும் 100 நானோஃபாரட் கெப்பாசிட்டரும் சேர்த்தால் மைக்ரோ நொடிச் சில்லறைகள் உள்ளே நுழையா. இன்னும் உறுதி வேண்டுமானால் 24 வோல்ட்டும் ஆப்டோகப்ளரும். அதன் எல்.இ.டி. எரியச் சில மில்லி ஆம்பியர் தொடர்ந்து ஓட வேண்டும். கணநேர நாய்ஸுக்கு அந்தப் பொறுமை இல்லை.

இனி எர்த். எர்த் என்றாலே தோட்டத்துக் குழி, கரி, உப்பு, கோடையில் ஊற்றும் ஒரு குடம் தண்ணீர் என்பதே வழக்கமான எண்ணம். அதனால் மெஷின் தகராறு செய்தால், மெஷினுக்கென்றே தனிக் குழி தோண்டித் தனிக் கம்பி இறக்குபவர்கள் இருக்கிறார்கள். நாய்ஸ் மண்ணுக்குள் போய் மறைந்துவிடும் என்பது அவர்கள் நம்பிக்கை. எந்த மின்னோட்டமும் மண்ணுக்குள் மறைவதில்லை. புறப்பட்ட இடத்துக்கே அது திரும்பியாக வேண்டும். வி.எஃப்.டி.யிலிருந்து கிளம்பிய நாய்ஸுக்கு வி.எஃப்.டி.க்கே திரும்பும் குட்டை வழி ஒன்றை அமைத்துக் கொடுத்தால் அதில் போகும்; இல்லாவிட்டால் லிமிட் சுவிட்ச், யு.எஸ்.பி. கேபிள், கணினி என்று ஊர் சுற்றித் திரும்பும். விமானத்துக்கு எர்த் குழி கிடையாது. அதன் மின்னணுக் கருவிகள் ஒழுங்காகத்தான் வேலை செய்கின்றன. போதாக்குறைக்கு, வீட்டு எர்த்தோடு இணைக்காத தனிக்குழி ஆபத்தானது. பக்கத்தில் இடி விழுந்தால் இரண்டு குழிகளுக்கும் இடையே எழும் வோல்டேஜ் மெஷின் வழியாகத்தான் சமரசம் பேசும்.

குழியின் உண்மையான வேலை உயிரைக் காப்பது. அதற்குப் பிளக் பாயின்டின் மேல் ஓட்டைக்குப் பின்னால் பச்சை ஒயர் இருக்க வேண்டும். பழைய வீடுகள் பலவற்றில் ஓட்டை மட்டும் இருக்கும். மல்டிமீட்டரில் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 230-ஐ ஒட்டிக் காட்ட வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே ஓரிரு வோல்ட் காட்டலாம். நல்ல சுமை ஏற்றிய பிறகும் அங்கே சுத்தமான 0 நின்றால் மகிழ வேண்டாம். யாரோ ஓர் எலெக்ட்ரீஷியன் சாக்கெட்டுக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் சின்ன ஒயரால் முடிச்சுப் போட்டிருக்கலாம். நியூட்ரல் எங்காவது விட்டுப்போகும் நாளில் மெஷினின் உடம்பு முழுவதும் 230 வோல்ட் ஏறும்.

எர்த்தே இல்லாத மெஷினைத் தொட்டால் சுருசுருவென்று கடிக்கும். மெஷினுக்கு டி.சி. கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ்.ஸிலும் வி.எஃப்.டி.யிலும் உள்ள ஃபில்டரில் ஃபேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் உடம்புக்கு ஆளுக்கொரு சின்னக் கெப்பாசிட்டர் இருக்கும். எர்த் இல்லையென்றால் உடம்பு இரண்டுக்கும் நடுவில், சுமார் 115 வோல்ட்டில், மிதக்கும். இதற்கு நாட்டு மருந்தாகச் செருப்புப் போட்டுக்கொண்டு வேலை செய்வது பரவலாக உள்ளது. எர்த் கொடுத்தவுடன் அதே ஃபில்டரின் கசிவால், கசிவைக் கண்டதும் மின்சாரத்தை நிறுத்தும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. அவ்வப்போது விழலாம். அதற்கு ஆர்.சி.சி.பி.யைக் கழற்றுவதும் இன்னொரு நாட்டு மருந்து. முதல் மருந்தைவிட இது மோசமானது.

இனி நாய்ஸுக்கான குட்டை வழி. மெஷினின் மின்பெட்டியான பேனலுக்குள் ஒரு செம்புப் பட்டையோ தடித்த போல்ட்டோ வைத்து வி.எஃப்.டி., எஸ்.எம்.பி.எஸ்., மெஷின் சட்டம், கேபிள் ஷீல்டு அனைத்தின் எர்த்தையும் அங்கேயே தனித்தனியாகக் கொண்டுவந்து முடிக்க வேண்டும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவித் தாவிப் போகக் கூடாது. போல்ட்டின் அடியில் பெயின்ட்டைச் சுரண்டியாக வேண்டும். பவுடர் கோட்டிங் அழகான இன்சுலேட்டர். அலுமினிய எக்ஸ்ட்ரூஷனும் அப்படித்தான். அனோடைஸ் செய்த பளபளப்பில் மல்டிமீட்டரின் இரண்டு முனைகளையும் ஒரு விரல் இடைவெளியில் வைத்தாலும் மீட்டர் கூவாது. அதே உலோகத்தை ஒரு கீறு கீறி வைத்தால் கூவும். கேன்ட்ரி பிளாஸ்டிக் சக்கரத்தில் ஓடினால், ஸ்பிண்டில் மெஷினின் மற்றப் பாகங்களோடு மின்சார உறவே இல்லாமல் தொங்கிக்கொண்டிருக்கும். அதற்குத் தனி ஒயர் தேவை.

ஷீல்டு விஷயத்துக்கு வந்தால் வடகலை, தென்கலைக்குச் சற்றும் குறையாத வழக்கு ஒன்று நடந்துகொண்டிருக்கிறது. ஷீல்டை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்ய வேண்டும் என்பது ஒரு கட்சி, இரு முனையிலும் என்பது மறு கட்சி. ரால்ஃப் மாரிசன் கிரவுண்டிங், ஷீல்டிங் பற்றிய தன் புத்தகத்தை 1967-லேயே வெளியிட்டார். வழக்கு இன்னும் முடியவில்லை. இரண்டு கட்சிகள் சொல்வதும் சரி, கேபிள்தான் வேறு. லிமிட் சுவிட்ச் போன்ற மெதுவான சிக்னலில் இரு முனையையும் கட்டினால், இரண்டு எர்த்களுக்கும் உள்ள வித்தியாசத்தால் ஷீல்டிலேயே 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் வலம் வரும். அங்கே பேனல் முனை மட்டும் போதும். ஸ்பிண்டில் கேபிளில் ஷீல்டுதான் நாய்ஸ் வீடு திரும்பும் பாதை. ஒரு முனை திறந்திருந்தால் பாதையே இல்லை. அங்கே இரு முனையும் கட்டாயம். அதுவும் பின்னலைச் சுற்றிலும் கவ்வும் கிளாம்ப் வேண்டும். பின்னலைப் பிரித்து முறுக்கி வால் மாதிரி நீட்டிக் கட்டினால், ஐந்து சென்டிமீட்டர் வாலே சுமார் 50 நானோஹென்றி. 10 மெகாஹெர்ட்ஸில் அது 3 ஓம் தடுப்பு. மூன்றாவது கட்சி ஒன்றும் உண்டு. இரு முனையிலும் பின்னலை ஒட்ட நறுக்கி, மேலே ஹீட் ஷ்ரிங்க் ஏற்றி மூடிவிடுவார்கள். பார்க்க அந்த வேலைதான் மூன்றிலும் அழகு.

மலிவான சீன ஸ்பிண்டில்களில் நான்கு கால் வட்டக் கனெக்டர் இருக்கும். மூன்று கால் மோட்டாருக்கு. நான்காவது எர்த் என்று வாங்கியவர் நம்பி, பச்சை ஒயருக்கு அக்கறையாக ஈயம் வைப்பார். மூடியைக் கழற்றிப் பார்த்தால் பல ஸ்பிண்டில்களில் அந்தக் காலுக்கு உள்ளே ஒயரே வந்திருக்காது. ஸ்பிண்டில் உடம்பிலிருந்து பேனல் போல்ட் வரை மீட்டர் வைத்தால் 1 ஓமுக்குள் காட்ட வேண்டும்.

சென்னை ரிச்சி தெருவில் ஷீல்டு கேபிள் மீட்டர் கணக்கில் கிடைக்கும். டிராக் செயினில் ஓடுவதற்குச் செம்புப் பின்னல் வகையே வாங்க வேண்டும். அலுமினியத் தாள் மட்டும் சுற்றியது மடங்கி மடங்கிக் கிழிந்துவிடும். சிக்கனக்காரர்கள் லிமிட் சுவிட்சுக்கு லேன் கேபிள் போடுவார்கள். அதில் தவறில்லை. இரண்டு ஒயரை முறுக்கினால் வெளித்தொல்லை இரண்டிலும் சமமாக விழுந்து கழிந்துபோகும் என்று கிரகாம் பெல் 1881-லேயே தொலைபேசிக் கம்பிக்குக் காப்புரிமை வாங்கியிருக்கிறார். ஆனால் சிக்னலும் அதன் கிரவுண்டும் ஒரே ஜோடியில் போக வேண்டும். நிறம் பிடித்திருக்கிறது என்று ஜோடிக்கு ஒன்றாகப் பொறுக்கினால் பெல்லின் உழைப்பு வீண்.

ஸ்பிண்டில் கிளம்பியதும் கணினி தொடர்பு அறுந்தால், நாய்ஸ் யு.எஸ்.பி. வழியைப் பிடித்துவிட்டது என்று கொள்ளலாம். குட்டையான கேபிளும் ஃபெரைட் வளையமும் முதல் மருந்து, கேட்காவிட்டால் யு.எஸ்.பி. ஐசொலேட்டர்.

இத்தனையும் செய்த பிறகும் தூசி உறிஞ்சும் குழாய் பாக்கி இருக்கிறது. உலர்ந்த எம்.டி.எஃப். தூள் பிளாஸ்டிக் குழாயை உரசிக்கொண்டு பாயும்போது பல ஆயிரம் வோல்ட் நிலைமின்சாரம் சேரும். அது கைக்கும் பாயும், பக்கத்து லிமிட் சுவிட்சுக்கும் பாயும். ஈரக்காற்று வீசும் கடலோர ஊர்களில் அடங்கிக் கிடப்பது, காற்று காய்ந்த ஊருக்கு மெஷினை மாற்றியதும் தலைதூக்கும். குழாய்க்குள் நெடுக ஒரு வெற்றுச் செம்புக் கம்பியை ஓட்டி, அதன் ஒரு முனையைப் பேனலில் உள்ள அதே போல்ட்டில் முடித்தால் பெரும்பகுதி வடியும். பிளாஸ்டிக் இன்சுலேட்டர் என்பதால் கம்பி தொடாத இடத்தில் கொஞ்சம் தங்கத்தான் செய்யும். லிமிட் சுவிட்ச் ஒயரை அந்தக் குழாயோடு சேர்த்து டேக் போட்டுக் கட்டாமல் இருந்தால் அந்தக் கொஞ்சத்தால் தொல்லை இல்லை.