தீக்குச்சி நிபுணர்

காஞ்சிபுரத்தில் தெருவுக்கு ஒருவராவது இருக்கும் இந்த நிபுணருக்குப் பட்டம் கிடையாது. சட்டைப் பையில் தீப்பெட்டி உண்டு. கல்யாணப் புடவை எடுக்கப் போகிறவர்கள் இவரைத்தான் கடைக்கு அழைத்துப் போவார்கள். முந்தானை ஓரத்தில் இரண்டு இழையை உருவிக் கொளுத்துவார். மயிர் கருகும் நாற்றம் வந்து, சாம்பல் விரலிடையில் பொடிந்தால் பட்டு. உருகி, மணியாகத் திரண்டு கெட்டிப்பட்டால் செயற்கை நூல். மயிரைப் போலப் பட்டும் புரதம் என்பதால் இந்தத் தீர்ப்பைக் குறை சொல்ல முடியாது. சங்கடம் என்னவென்றால், இந்த வெற்றியைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் அடுப்படிக்கும் வந்துவிடுகிறார். "மாமா, கேஸ் வாசனை வருதே" என்று குரல் கேட்டதும் வேட்டியை மடித்துக் கட்டி, சிலிண்டர் பக்கத்தில் குந்தி, எங்கே கசிகிறது என்று பார்க்கக் குச்சியைக் கிழிக்கிறார். கண்டுபிடித்துவிடுவார், சந்தேகமில்லை. தெருவுக்கே தெரிந்துவிடும்.

இழையைக் கொளுத்தினால் இழையோடு போயிற்று. சிலிண்டரில் இருப்பது 14.2 கிலோ. அந்த வாயுவுக்கு இயல்பில் மணமே கிடையாது. கசிந்தால் தெரியட்டும் என்றுதான் எத்தில் மெர்காப்டனைக் கலந்து அனுப்புகிறார்கள். அதாவது, நாற்றம் வந்தபோதே சோதனை முடிந்துவிட்டது. ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு, எந்த ஸ்விட்சையும் தொடாமல் வெளியே வந்து 1906-ஐ அழைப்பதுதான் பாக்கி. இடத்தைக் கண்டே ஆகவேண்டும் என்கிறவருக்குச் சோப்பு நுரை போதும். கசியும் இடத்தில் குமிழி விடும். இந்த ஊரில் இன்னொரு சிக்கலும் உண்டு. வாயு காற்றைவிடக் கனமானது, பள்ளம் தேடிப் போய்த் தங்கும். நெசவாளர் வீட்டில் அதற்குக் குழித்தறியைவிட வசதியான பள்ளம் எது?

"முப்பது வருஷமா இப்படித்தான் பார்க்கிறேன், ஒண்ணும் ஆகலையே" என்பார். பொய் சொல்லவில்லை. காற்றில் நூற்றுக்குச் சுமார் இரண்டு பங்காவது கலந்தால்தான் வாயு பற்றும். பழைய வீட்டில் கசிவு சிறிது, முற்றம் பெரிது. அவர் தம் கெட்டிக்காரத்தனம் என்று எண்ணியதெல்லாம் முற்றத்துக் காற்றின் உபகாரம். இப்போது முற்றத்தை மூடி, ஜன்னலுக்குக் கண்ணாடி போட்டாயிற்று. ரப்பர் குழாயை ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது விற்பனைத் தந்திரம் என்றும் வாதிடுவார். நைந்த தறிக்கயிற்றை யாரும் சொல்லாமலே மாற்றுகிறவர், இறுகி வெடிப்பு விட்ட குழாயிடம் மட்டும் ஏன் இத்தனை பாசம் காட்டுகிறார் என்பது விளங்கவில்லை.

அவருடைய கடைசி ஆயுதம், "பட்டு சட்டுன்னு பத்தாது" என்பது. பாதி உண்மை, பட்டு மெதுவாகத்தான் பற்றும், தானே அணைவதும் உண்டு. ஆனால் பட்டுடுத்தி யார் தினமும் தாளிக்கிறார்கள்? அடுப்பருகே நிற்பது நைலான் நைட்டி. அது உருகினால் அவர் காட்டிய அதே மணி தோலில் ஒட்டிக்கொள்ளும். வாணலி எண்ணெய் பற்றினால் அவர் தண்ணீரைத் தூக்குவார். தண்ணீர் எண்ணெய்க்கு அடியில் இறங்கி, நொடியில் ஆவியாகி, நெருப்பைக் கூரைவரை வீசும். அடுப்பை அணைத்து, தட்டைப் போட்டு மூடினால் தீ அடங்கிவிடும், ஆனால் அதில் வீரம் தெரியாதே. சுட்ட விரலைக் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிஷம் காட்டச் சொன்னால் சிரித்துவிட்டு, இட்லி மாவை அப்புவார். வேறு ஊர் மாவென்றால்கூடப் போகிறது. காஞ்சிபுரம் இட்லி மாவில் மிளகும் சுக்கும் கிடக்கின்றன.