மூன்று வார அக்கா

மாமல்லபுரம் ஒத்தவாடைத் தெருவில் இவரை அடையாளம் காண யாரையும் விசாரிக்க வேண்டாம். யானை யானையாய் அச்சடித்த தொளதொளக் கால்சட்டை, கழுத்தைச் சுற்றிய பருத்தித் துண்டு, ஒரு கையில் மட்டும் மருதாணி, தோளில் துணிப்பை. பைக்குள் பலூன், ஒட்டும் நட்சத்திரங்கள், சோப்பு நுரை ஊதும் குழல், கொசு விரட்டும் களிம்பு. கால்விரலில் மெட்டி. கடையில் பார்க்க அழகாக இருந்ததால் வாங்கிப் போட்டுக்கொண்டது. மீனவர் குப்பத்து ஆயா அதைக் கவனித்துவிட்டு, "புருஷன் வரலியாம்மா?" என்று கேட்பார். இவர் கைகூப்பி "வணக்கம்" என்பார். ஏதோ குடும்பத் தகராறு, பாவம் பொண்ணு, என்று ஆயா முடிவு கட்டிவிடுவார்.

கடற்கரைக் கோயிலைப் பார்க்க வருகிறவர்களும் அலைச்சறுக்க வருகிறவர்களும் வேறு சாதி. இவர் பிள்ளைகளுக்குத் தொண்டு செய்ய வந்தவர். வயது 19 அல்லது 20. பள்ளியை முடித்தாயிற்று, கல்லூரிக்கு இன்னும் நாளிருக்கிறது, அதற்குள் உலகத்தைக் கொஞ்சம் சீர்படுத்திவிட்டு வரலாம் என்று கிளம்பியவர். அண்ணன்மாரும் வருவதுண்டு. அவர்களிடம் பலூனுக்குப் பதில் கிட்டார் இருக்கும். பிள்ளைகள் பலூனையே விரும்புகிறார்கள்.

தங்குவது மூன்று வாரம். நம் அரசாங்கமும் இதற்கு ஒத்தாசையாகத்தான் இருக்கிறது. மின்னணுச் சுற்றுலா விசாவில் வருகிறவர் ஒரு மாதம் வரை கூலியில்லாத் தொண்டு செய்யலாம் என்பது விதி. அதற்கு மேலும் நல்லவராக இருக்க வேண்டுமென்றால் வேறு விசா எடுக்க வேண்டும்.

மூன்று வாரம் என்பதும் பேச்சுக்குத்தான். ஜனவரியில் வந்தால் பொங்கல் விடுமுறை குறுக்கே படுத்துக்கொள்ளும். சனி, ஞாயிறுகளைப் புதுச்சேரி எடுத்துக்கொள்ளும். நடுவில் ஒருநாள் இறால் வறுவல் தன் வேலையைக் காட்டும். இரண்டு நாள் தயிர்சாதம். மிஞ்சுவது எட்டோ ஒன்பதோ மாலைப் பொழுதுகள். ஒரு தலைமுறையைக் கைதூக்கிவிட இது போதும் என்று அவரை அனுப்பிய கம்பெனி சொல்லியிருக்கிறது. ஆமாம், நடுவில் கம்பெனி ஒன்று உண்டு. தொண்டு செய்ய இவர்தான் அவர்களுக்குப் பணம் கட்டியிருக்கிறார், யூரோவில். இதற்கு நேர்மாறாக, தமிழ்நாட்டு அரசு 2021-ல் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தைத் தொடங்கியபோது, தங்கள் தெருப் பிள்ளைகளை மாலையில் கூட்டி வைத்துப் பாடம் சொல்லித்தந்த உள்ளூர்ப் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை கொடுத்தது. அவர்களையும் தன்னார்வலர் என்றுதான் சொன்னார்கள். மாலைதோறும் உட்கார்ந்து ஈவு, மீதி சொல்லிக்கொடுத்த அந்தப் பெண்களை யாரும் விமான நிலையத்துக்கு வந்து மாலை போட்டு வரவேற்றதாகத் தெரியவில்லை.

முதல் மாலை. குப்பத்து மாலைநேர வகுப்புக் கூடத்தில் முப்பது பிள்ளைகள். அக்கா உள்ளே வந்ததும் முன்வரிசை அவரை ஒருமுறை எடைபோட்டுப் பார்த்துவிட்டு ஜெர்மன் மொழியில் "ஹாலோ" என்கிறது. பிரான்ஸ்காரராக இருந்தால் "பொன்ழூர்" என்றிருக்கும். அவருக்குக் கண் கலங்கிவிடுகிறது. பிறகு தலை, தோள், முட்டி, பாதம் என்று தொட்டுத் தொட்டு ஆடும் அந்தப் பாட்டைக் கற்றுத்தருகிறார். பிள்ளைகள் அதைப் போன மாதம் ஒரு டென்மார்க் அக்காவிடமும், அதற்கு முன் ஒரு கிட்டார் அண்ணனிடமும் கற்றார்கள். ஆனாலும் காலைத் தொடச் சொன்னால் காதைத் தொட்டு, தடுமாறி, மெல்ல மெல்லத் தேறி, அரைமணி நேரத்தில் பிழையில்லாமல் ஆடிக் காட்டுகிறார்கள். வந்த விருந்தாளியின் முகம் வாடக் கூடாது என்ற இந்த மரியாதையை எந்தப் பாடத்திட்டமும் அவர்களுக்குச் சொல்லித்தரவில்லை.

அடுத்து வண்ணங்கள். அதற்கடுத்து ஆப்பிள். வருகிறவர் ஒவ்வொருவரும் ஆப்பிளிலிருந்து தொடங்குவார். வாழைப்பழம் முடிந்து யானைக்கு வருவதற்குள் விமானத்துக்கு நேரமாகிவிடும். இந்தக் கூடத்தில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குச் சிவப்பு நிறத்தை நாலு மொழியில் சொல்லத் தெரியும். கடன் வாங்கிக் கழித்தல் தெரியாது. அதற்கு ஒரே ஆள் ஆறு மாதமாவது வந்து உட்கார வேண்டும்.

அப்படி உட்காருகிறவர்களும் இருக்கிறார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். ஜெர்மனி அரசு 2008 முதல் நடத்தும் வெல்ட்வெர்ட்ஸ் என்ற திட்டத்தில் இளைஞர்கள் பெரும்பாலும் ஒரு வருஷம் போல வெளிநாட்டில் தங்குகிறார்கள். அந்த ரகம் நாலாவது மாதத்தில் "இன்னாடா, ஹோம்வர்க் எங்க?" என்று அதட்டத் தொடங்கிவிடும். நகைச்சுவைக்கு உதவாது. நம் ஆள் மூன்று வாரத்துக்காரர்தான்.

இவருக்குச் சோகம் வேண்டும். சுனாமியைப் பற்றிக் கேட்பார். கேட்பவரும் 2004-ல் பிறந்திருக்கவில்லை, பதில் சொல்ல வேண்டிய பையனும் பிறந்திருக்கவில்லை. அவன் ஆயாவிடம் கேட்டு வந்து நாளைக்குச் சொல்வதாக ஏற்றுக்கொள்கிறான். "உன் அப்பா எங்கே?" என்று கேட்டால், "ஃபாதர்... சீ... கான்" என்கிறான். அக்கா அவனை வாரி அணைத்துக்கொள்கிறார். அன்றிரவு நாட்குறிப்பில் இரண்டு பக்கம். மறுநாள் விடியலில் சூரிய உதயம் பார்க்கப் போனால், கடலுக்குப் போன அப்பா பைபர் படகைக் கரையேற்றிவிட்டு நெத்திலியைக் கூடையில் கொட்டிக்கொண்டிருக்கிறார். பையன் பக்கத்தில் நின்று, "ஃபாதர்" என்று பெருமையாகக் கைகாட்டுகிறான். அக்கா மகிழ்ந்திருக்க வேண்டும். மகிழத்தான் செய்தார், ஆனால் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டார்.

இதில் சிரிக்க முடியாத ஊர்களும் உண்டு. கம்போடியாவில் 2005-க்குப் பிறகு ஐந்தே ஆண்டுகளில் அனாதை இல்லங்கள் முக்கால் பங்கு பெருகின. நாட்டில் அனாதைகள் பெருகியதால் இல்லை, பார்க்க வந்த பயணிகள் பெருகியதால். அந்தப் பிள்ளைகளில் ஏறக்குறைய நான்கில் மூவருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருந்தார்கள் என்று யுனிசெப் துணையோடு செய்த ஆய்வு 2011-ல் சொன்னது. ஆஸ்திரேலியா தன் 2018-ம் ஆண்டு நவீன அடிமைமுறைச் சட்டத்தையொட்டி, இப்படிப் பிள்ளைகளைச் சேர்த்துக் காட்டிக் காசு பார்ப்பதையும் அடிமைமுறை என்றே ஏற்றுக்கொண்டது. நம் கூடத்துப் பிள்ளைகள் எட்டு மணிக்கு வீட்டுக்குப் போய் அம்மாவிடம் அடி வாங்குகிறார்கள். அந்த மட்டில் நிம்மதி.

போட்டோ விஷயத்தில்தான் அம்மாக்களுக்கும் அக்காவுக்கும் ஒத்துவருவதில்லை. அக்கா கேமராவைத் தூக்கியதும் அம்மா பிள்ளையைப் பிடித்து இழுத்துப்போய் முகம் கழுவி, பவுடர் அடித்து, எண்ணெய் வைத்துப் படிய வாரி, பிறந்தநாள் சட்டையைப் போட்டு நிறுத்துகிறார். அக்காவுக்கு அது வேண்டாம். கலைந்த தலையும் சளி மூக்குமாக, சுவரோரம் உட்கார்ந்திருக்கும் கோலம்தான் வேண்டும். "தலைகூட வாராம எடுத்துட்டுப் போறாளே, அவங்க ஊர்ல நம்மளப் பத்தி இன்னா நெனப்பாங்க?" என்று அம்மா அரற்றுகிறார். அவர்கள் என்ன நினைக்க வேண்டும் என்பதற்காகத்தான் அப்படி எடுப்பதே என்று அவரிடம் யார் சொல்வது?

இரண்டாவது வாரம் சுவருக்கு. ஒவ்வொரு அணியும் கூடத்துச் சுவரில் ஒரு ஓவியம் வரைந்துவிட்டுத்தான் போகும். மயிலின் மேல் யானை, யானையின் மேல் டால்பின், டால்பின் மேல் பூமி உருண்டை. சிற்பக் கல்லூரி இருக்கிற ஊரில், உளிச்சத்தம் கேட்கும் தூரத்தில் இது நடக்கிறது. ஆனாலும் வண்ணப்பூச்சோடு நின்றதே என்று ஆறுதல் கொள்ள வேண்டும். பிப்பா பிடில் என்ற அமெரிக்கப் பெண் பள்ளி நாட்களில் தான்சானியாவுக்குத் தோழிகளோடு போய் நூலகம் கட்டிய கதையை 2014-ல் எழுதினார். பகலெல்லாம் இவர்கள் செங்கல் அடுக்க, உள்ளூர் ஆட்கள் இரவில் சத்தமில்லாமல் அதைப் பிரித்து நேராக்கிக் கட்டி வைத்தார்களாம். விருந்தோம்பலில் நம்மையும் மிஞ்சியவர்கள்.

வகுப்பு டீச்சர் ஒருவர் இருக்கிறார். இதே குப்பத்துப் பெண். அவர் வந்தவரைக் குறைசொல்ல மாட்டார். மூன்றாவது வாரம் மெல்ல, "கம்ப்யூட்டர் தெரியுமாம்மா?" என்று கேட்பார். வரவுசெலவு ரசீதுகள் இரண்டு வருஷமாக மஞ்சள் பையில் கிடக்கின்றன. நன்கொடை கொடுக்கிறவர்களுக்கு ஆங்கிலத்தில் அறிக்கை அனுப்ப வேண்டும். அக்காவின் முகம் சற்றுச் சுருங்குகிறது. அறைக்குள் உட்கார்ந்து கணக்கெழுதவா இத்தனை கடல் தாண்டி வந்தார்? ஆனால் பிள்ளை நல்ல வளர்ப்பு. இரண்டே நாளில் அத்தனை ரசீதையும் எக்செலில் ஏற்றி, தலைப்பு, கூட்டல், பச்சை நிறம் எல்லாம் போட்டு முடித்துவிடுகிறார். அந்த இரண்டு நாளும் ஒரு போட்டோகூட எடுத்துக்கொள்ளவில்லை.

கடைசி நாள் பிள்ளைகள் வரைந்த வாழ்த்துப் படம் வருகிறது. சூரியன், தென்னை, படகு, 'வீ மிஸ் யூ.' படம் ஜூன் மாதமே தயார். பெயருக்கு விட்டிருந்த இடத்தில் மட்டும் இன்று ஸ்கெட்ச் பேனா ஈரம் காயவில்லை. அக்கா தேம்பித் தேம்பி அழுகிறார். பிள்ளைகள் முதுகைத் தடவி ஆறுதல் சொல்கிறார்கள். ஆயா கருவாட்டுப் பொட்டலம் ஒன்றைப் பையில் திணித்து, "ப்ளேன்ல ஜன்னலோரமா வெச்சுக்கோ, வாடை போயிடும்" என்கிறார். வாசலில் ஹாரன் அடிக்கும் காரில் அவர் ஏறப்போகும்போது டீச்சர் வேகமாக ஓடிவருகிறார்.

"ஏம்மா, போறது போற, அந்த எக்செல் பாஸ்வேர்டை எழுதிக் குடுத்துட்டுப் போ."